கட்டியம் கூறியவளே களரிக்கு வந்தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த 8 ஆம் திகதி புதன்கிழமை வெளியாகத் தொடங்கிய ‘மிஸ் மார்வெல்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் அங்கத்தைப் பற்றி நேற்றைய ஞாயிறு இதழில் வந்திருந்த குறிப்பை வாசித்தேன். எரிபொருள் வரிசைகளையும் எரிவாயு வரிசைகளையும் பற்றிய செய்திகளுக்கே இடம் போதாமல், தாள் தட்டுப்பாட்டினால் பக்கங்களும் குறைந்துபோயிருக்கும் இந்நாட்களில், ஒரு சுப்பர் ஹீரோ தொடருக்காகக் கடிதம் எழுத உட்காருவது எனக்கே சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கின்றது. எனினும் அத்தொடரைக் குறை கூறுவதற்குத் தங்கள் பத்திரிகையில் அரைப் பத்தி இடம் இருந்ததனால், அந்தக் குறை பொருந்தாது என்று கூறுவதற்கும் சிறிது இடம் தருவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகின்றேன்.

குறிப்பாளர் கூறியவை இரண்டு. கதாநாயகிக்குச் சக்தி வந்து சேர்வதற்குள் முதல் அங்கத்தின் பெரும்பகுதி முடிந்துவிடுகின்றது என்பது முதலாவது. மூலச் சித்திரக்கதையில் அவளுக்கிருந்த சக்தியை மாற்றி, ஒரு காப்பைக் கொடுத்து ஒப்பேற்றிவிட்டார்கள் என்பது இரண்டாவது. முதலாவதை நான் முற்றாக மறுக்கின்றேன். இரண்டாவதில் பாதி நியாயம் உண்டு. அதற்குப் பின்னர் வருவேன்.

நான் இத்தகைய தொடர்களைத் தேடிப் பார்ப்பவள் அல்லள். முப்பது வருடங்களுக்கு மேல் தமிழும் நாடகமும் கற்பித்து ஓய்வுபெற்றவள். பதின்மூன்று வயதான என் மகளின் மகள், மின்வெட்டு நேரத்தில் கைத்தொலைபேசியை உரலின் மேல் சாய்த்துவைத்துக்கொண்டு, “அம்மம்மா, இதைப் பாருங்க” என்று கையைப் பிடித்து இழுத்தபடியால் பார்த்தேன். அதனை அவள் எவ்வழியாகப் பெற்றாள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கண்டிக்க வேண்டிவரும். ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஓடும் அந்த அங்கத்தை, மின்கலத்தில் கடைசிச் சொட்டு இருக்கும்வரை பார்த்து, மறுநாட் காலையில் மறுபடியும் தொடக்கத்திலிருந்து பார்த்தோம். ஆகவே இரண்டு முறை பார்த்த ஒருத்தியின் கருத்தாகவே இதனைக் கொள்ளவும்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கின்றேன். நியூ ஜேர்சி மாநிலத்தின் ஜேர்சி சிட்டியில், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பெற்றோருடன் வாழும் கமலா கான் என்னும் பதினாறு வயது மாணவி, கப்டன் மார்வெல் என்ற வீராங்கனையின் மேல் தீராத பித்துக் கொண்டவள். சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையில் சித்தியடையத் தவறுகின்றாள். பாடசாலையில் கண்ணுக்குத் தெரியாதவள் போல நடமாடுகின்றாள். அவெஞ்சர்ஸ் என்னும் சுப்பர் ஹீரோ அணியின் வீரர்களைக் கொண்டாடும் விழாவொன்றுக்குப் போக வேண்டும் என்று வீட்டில் கெஞ்சுகின்றாள். பெற்றோர் மறுக்கின்றனர். இரவில் களவாக வெளியேறிச் செல்கின்றாள். அங்கே, தன் பாட்டி அனுப்பியிருந்த பழைய காப்பொன்றைக் கையில் போட்டதும், ஒளியைக் கல்லுப் போல இறுகச் செய்யும் சக்தி அவளிடமிருந்து கிளம்புகின்றது. மொத்தம் ஆறு அங்கங்களில் இது முதலாவது.

இனி, தாமதம் என்ற குற்றச்சாட்டு. மட்டக்களப்பில் ஒரு முறையாவது கூத்துக் களரிக்கு, அதாவது கூத்து ஆடும் அரங்குக்கு, முன்னால் பாய் விரித்து அமர்ந்தவர் எவரும், அரசன் உடனே வரவில்லையே என்று முறையிடமாட்டார். முதலில் கட்டியகாரன் வருவான். தடியைத் தட்டி, ஆடிப் பாடி, வரப்போகும் மன்னனின் நாடென்ன, படையென்ன, பெருமையென்ன என்று சபைக்கு அறிவிப்பான். பின்னர் இரண்டு பேர் வெள்ளைத் துணி பிடிப்பர். அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து சதங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். மத்தளமும் சல்லரியும் ஏற ஏறச் சிறுவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் கரப்புடுப்பு என்னும் விரிந்த கூத்துடை அசைய அரசன் வட்டக்களரிக்குள் இறங்குவான். இறங்கிய பின்னரும் வரவு ஆட்டம் முடிந்துதான் கதை நகரும். வரவு என்பது கதைக்கு முன்னால் வரும் காத்திருப்பன்று. இவன் யார், இவன் நடை எப்படி, இவனுக்கு என்ன தாளம் என்பதை ஆட்டத்தினாலேயே நிலைநாட்டுகின்ற பகுதி அது.

இத்தொடர் எவ்வாறு தொடங்குகின்றது என்று கவனியுங்கள். அவெஞ்சர்ஸ் வீரர்கள் உலகைக் காப்பாற்றிய பெரும் போரை, கடதாசியில் வரைந்து வெட்டிய உருவங்களை அசைத்து அசைத்து, கமலாவே தன் யூடியூப் காணொளியில் மூச்சுவிடாமல் விவரிக்கின்றாள். அவளுடைய குரல்தான் நமக்கு முதலில் கேட்கின்றது. அந்தக் குரல் தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. பிறருடைய வீரத்தையே புகழ்ந்து கொண்டிருக்கின்றது. அதாவது, அவள் கட்டியகாரி. பிற்பகுதியில் அதே அங்கத்துக்குள், விழா மேடையில், அந்தக் கட்டியகாரியின் கையிலிருந்தே ஒளி கிளம்புகின்றது. கட்டியம் கூற வந்தவரின் தலையிலேயே கிரீடம் வந்து அமர்வதைக் கூத்தில் நான் கண்டதில்லை. குறிப்பாளர் தாமதம் என்று எண்ணிக் கழித்த அந்த நிமிடங்கள் இல்லாவிட்டால், இந்த மாற்றத்தை நாம் உணர்ந்திருக்கவே முடியாது. சக்தியை முதல் ஐந்து நிமிடத்தில் கொடுத்திருந்தால், சக்தி பெற்ற இன்னுமொரு பிள்ளை என்று பார்த்துவிட்டுப் போயிருப்போம்.

அந்த நிமிடங்களில் ஒரு காட்சியை மட்டும் எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன். மகளின் ஆசையை முற்றாக மறுக்க மனமில்லாத தாய், ஒரு சமரசத்துடன் வருகின்றாள். தந்தையுடன் சேர்ந்து போவதானால் போகலாம். இருவருக்கும் ஹல்க் என்ற பச்சை நிற வீரனின் வேடம். பச்சையில் சல்வார் கமீஸ். தந்தை முகத்தில் பச்சை மையைப் பூசிக்கொண்டு, பெரிய ஹல்க்கும் சின்ன ஹல்க்கும் கைகோத்துப் போகலாம் என்ற மகிழ்ச்சியோடு அறைக்குள் நுழைகின்றார். மகளுக்கோ அவமானம் தாங்க முடியவில்லை. அவ்வாறு போவது தனக்கு எவ்வளவு கேவலம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகின்றாள். பச்சை மைக்குக் கீழே அந்த மனிதரின் முகம் வாடுவதை நடிகர் மோகன் கபூர் ஒரு சொல்லும் பேசாமல் காட்டுகின்றார். எந்த அரக்கனும் எந்தக் கட்டிடத்தையும் இடிக்காத அந்த இடத்தில், என் பேத்தி கைத்தொலைபேசியை ஒரு முறை நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் மறுபடியும் ஓடவிட்டாள். கடந்த மாதம் அவளுடைய தந்தை, பெற்றோலுக்கு நின்ற களைப்போடும் அழுக்குச் சாரத்தோடும் பாடசாலை வாசலுக்கே வந்துவிட்டார் என்று அவள் வீட்டில் சண்டை பிடித்ததை நான் அப்போது அவளுக்கு நினைவூட்டவில்லை.

அங்கத்தின் முடிவும் வீட்டுக்குள்தான் நிகழ்கின்றது. களவாகத் திரும்பிய மகளைத் தாய் அறையிலேயே காத்திருந்து பிடிக்கின்றாள். நாங்கள் வளர்த்தபடி நல்ல பிள்ளையாக இருக்கப் போகின்றாயா, அல்லது இப்படி அண்டவெளியில் மிதந்துகொண்டு திரியப் போகின்றாயா என்று கேட்கின்றாள். தாய் போனதும், வைவதற்காக அவள் எடுத்த அந்தச் சொல்லையே மகள் தனக்குள் மெல்லச் சொல்லிப் பார்க்கின்றாள். தாயாக வரும் செனோபியா ஷ்ரோஃப் குரலை உயர்த்தாமலேயே அந்தக் காட்சியை நடத்துகின்றார். எங்களூர்த் தாய்மார்கள் இதைவிடச் சத்தமாகப் பேசுவார்கள் என்பது வேறு விடயம்.

இரண்டாவது குறை சக்தியின் மாற்றம் பற்றியது. சனா அமானத் என்ற பதிப்பாசிரியர், ஜி. வில்லோ வில்சன் என்ற எழுத்தாளர், ஏட்ரியன் அல்ஃபோனா என்ற ஓவியர் ஆகியோரின் கூட்டு முயற்சியில் உருவான கமலா கான், 2014 பெப்ரவரியில் தனக்கெனச் சித்திரக்கதைத் தொடரைப் பெற்றாள். அதன் முதற்தொகுதிக்கு 2015 இல் ஹியூகோ விருதும் கிடைத்தது. அந்தக் கதையில் மர்மமான மூடுபனியொன்று அவளைச் சூழ்ந்த பின்னர், உடலை நீட்டவும் குறுக்கவும் உருவத்தை மாற்றவும் அவளால் முடிகின்றது. முதன்முதலாக அவள் எடுக்கும் உருவம் தன்னுடையதன்று. தங்க நிறக் கூந்தலுடைய கப்டன் மார்வெலின் உருவம். வெள்ளைக்காரியாக மாறினால்தான் வீராங்கனையாகலாம் என்று ஒரு பிள்ளை நினைப்பதும், அந்த உருவத்துக்குள் தனக்கு மூச்சு முட்டுவதைத் தானே உணர்வதும் அக்கதையின் உயிரான இடம். தொலைக்காட்சியில் அது போய்விட்டது. இங்கே அவள் கப்டன் மார்வெலின் உடையை அணிந்திருக்கின்றாள், அவ்வளவுதான். உருவம் மாறுவதற்கும் உடை மாறுவதற்கும் உள்ள தூரம் பெரிது. அந்த அளவில் குறிப்பாளரின் வருத்தம் நியாயமானது.

ஆனால் மாற்றியதே பிழை என்பதை ஏற்க முடியாது. விடிய விடிய ஆடிய கூத்தை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஒன்றரை மணித்தியால அளவுக்குச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது, கூத்து கெட்டுவிட்டது என்று முணுமுணுத்தவர்கள் இருந்தனர். எதை எடுத்தார் என்பதை மட்டும் கணக்கிட்டால் அவர்கள் சரி. என்ன நிலைத்தது என்பதையும் கணக்கிட வேண்டும். எனவே, மூடுபனியை எடுத்துவிட்டுக் காப்பை வைத்ததனால் இந்தத் தொடருக்கு என்ன கிடைத்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கிழக்கிலங்கை வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை என்றே நினைக்கின்றேன். அந்தக் காப்பு கராச்சியிலுள்ள தாயின் தாயிடமிருந்து, பழைய சாமான்கள் நிறைந்த ஒரு பெட்டிக்குள் வருகின்றது. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவைத் தாண்டி மகளுக்கு. நடுவிலுள்ள தாய், இதெல்லாம் குப்பை என்று கூறி அதனைப் பரணுக்கு ஏற்றிவிடச் சொல்கின்றாள். தன் தாயைப் பற்றி அவளுக்கு ஏதோ ஒரு மனத்தாங்கல் இருக்கின்றது. அது என்னவென்று முதல் அங்கம் சொல்லவில்லை. வானத்திலிருந்தோ ஆய்வுகூடத்திலிருந்தோ வராமல், தாய் வழியாக, அதுவும் தாய் மறைக்க விரும்பிய ஒன்றின் வழியாகச் சக்தி வருகின்றது. குடியை, அதாவது குலப்பிரிவை, தாய்வழியாக எண்ணுகின்ற ஊர் எங்களுடையது. முக்குவர் வழமை என்ற மரபுச் சட்டத்தின் பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் முதுசத்துக்கும், அதாவது பரம்பரைச் சொத்துக்கும், அதுவே வழியாக இருந்தது. தமிழ் வீட்டிலும் சரி, பக்கத்திலுள்ள காத்தான்குடியிலோ தெற்கே அக்கரைப்பற்றிலோ உள்ள முஸ்லிம் வீட்டிலும் சரி, கலியாணத்தோடு வீடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வார். நான் இப்போது இருப்பதும் மகளுக்கு எழுதிக்கொடுத்த வளவின் பின்புற அறையில்தான். ஜேர்சி சிட்டியின் சிறுமிக்கு ஏன் அம்மம்மாவின் காப்பு என்று வேறு ஊரவர் கேட்கலாம். நாங்கள் கேட்கமாட்டோம்.

அத்தோடு, காப்பு என்ற சொல்லையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் அது வெறும் கையணி. எங்கள் மொழியில் கையில் போடுவதும் காப்பு, காவலும் காப்பு, கோயிலில் நேர்ந்து கட்டுவதும் காப்பு. இந்தத் தொடரை எழுதிய பிஷா கே. அலிக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் தமிழில் பார்ப்பவருக்கு அது தானாகவே வந்து அமைந்துவிடுகின்றது. இந்த வைகாசியில், எங்களூர்க் கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்து, இரவிரவாகக் கண்ணகியின் கதையான வழக்குரை பாடிக்கொண்டிருக்கும் நாட்களிலேயே இதனைப் பார்த்தேன். ஒரு காலணியைக் கையில் ஏந்திய பெண் ஓர் அரசவையையே நிலைகுலைய வைத்ததைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஓர் அணிகலனுக்குள் இவ்வளவு வலிமை எப்படி வந்தது என்ற கேள்வியே எழாது. (காலணி என்று நான் சொன்னது சிலம்பை, செருப்பை அன்று. இன்றைய மாணவர்களுக்காக இதையும் எழுத வேண்டியிருக்கின்றது.)

முதன்முறை பார்த்து முடித்தபோது, பேத்தி என் வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உங்கட காப்பு எங்க அம்மம்மா?” என்று கேட்டாள். என் தாய் எனக்குப் போட்ட அந்தக் காப்புச் சோடி, மண்ணெண்ணெயும் அரிசியும் விலையேறியதனால், சித்திரைக்குப் பின்னர் அடைவில், அதாவது அடகில், இருக்கின்றது. உண்மையைச் சொன்னேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, “அப்ப சக்தி முழுக்க அடைவுலயா கிடக்கு? மறுகா எப்ப மீட்கிற?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை.

குறைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. குறிப்பாளர் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கின்றேன். அந்த விழாக் காட்சி முழுவதும், அதனைத் தயாரித்த நிறுவனம் தன் பழைய படங்களுக்குத் தானே எடுத்துக்கொள்ளும் ஆராத்தி. எங்கு திரும்பினாலும் அவர்களுடைய வீரர்களின் சிலையும் முகமூடியும்தான். கமலாவின் பித்தைக் காட்ட அது தேவை என்பார்கள். பத்து நிமிடம் தேவையில்லை. பாடசாலையில் எல்லோராலும் விரும்பப்படும் ஸோயி என்ற மாணவியை, காப்பாற்றப்படுவதற்காகவே படைத்திருக்கின்றார்கள். அவளுக்கென்று ஒரு மனம் இருப்பதாக முதல் அங்கத்தில் தெரியவில்லை. மாறாக, நண்பர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகள் கடைகளின் விளக்குப் பலகைகளிலும் வீதியிலும் எழுத்தாக ஒளிர்வதும், சுவரோவியங்கள் அவர்களுக்குப் பின்னால் உயிர்பெற்று நகர்வதும் மிக அழகானவை. இயக்குநர்களான ஆதில் எல் அர்பியும் பிலால் ஃபல்லாவும் அந்தப் பிள்ளையின் மனதை வீதியெங்கும் வரைந்துவைத்திருக்கின்றார்கள். கைத்தொலைபேசியின் சிறு திரையில், வெள்ளெழுத்துக் கண்ணாடியுடன் பார்த்தவளுக்கு அதில் பாதி தப்பிப்போனது. அது அவர்களுடைய குற்றமன்று.

கமலாவாக நடிக்கும் இமான் வெல்லானிக்கு இதுவே முதல் நடிப்பு. கராச்சியில் பிறந்து, கனடாவின் மார்க்கம் நகரில் வளர்ந்தவர். மார்க்கம் என்றதும் எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேருக்கு அங்கேயுள்ள உறவினரின் முகவரி நினைவுக்கு வரும். அவருடைய நடிப்பில் பயிற்சியின் மெருகு இல்லை. வாக்கியம் முடிவதற்குள் அடுத்த வாக்கியத்துக்குத் தாவும் அந்த அவசரத்தை எந்தப் பயிற்சியும் கொடுக்காது. பெயரைப் பற்றியும் ஒரு சொல். கமலா என்றதும் எங்களுக்குத் தாமரை. காத்தான்குடியிலுள்ள என் பழைய சக ஆசிரியையிடம் கேட்டபோது, கமால் என்ற அறபுச் சொல்லுக்கு நிறைவு என்று பொருள் என்றார். ஒரே பெயருக்குள் இரண்டு ஊர்க்காரரும் தத்தம் சொல்லைக் கண்டுகொள்வது நல்லதுதான்.

இன்னுமொன்று. முதல் அங்கத்தில் ஓரிடத்தில் பின்னணியில் ‘ஓ நண்பா’ என்ற பாட்டு ஒலிக்கின்றது. 2014 இல் வெளிவந்த ‘லிங்கா’ படத்துக்கு ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்தது, அமரர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துடன் அதனைப் பாடியவர் ஆர்யன் தினேஷ் கனகரத்னம், நம் நாட்டுக் கலைஞர். பேத்தி போட்ட கூச்சலில் பக்கத்து வளவு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. ஜேர்சி சிட்டியின் ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தின் கதையில் தமிழ்ப் பாட்டு ஏன் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எங்களுடைய மின்வெட்டு இருட்டில் அது மிகவும் பொருத்தமாகவே கேட்டது.

ஆசிரியர் அவர்களே, எனக்குள்ள வேண்டுகோள் சிறியது. புதிய தொடரொன்றின் முதல் அங்கத்தைப் பற்றி எழுதுபவர், அதில் சண்டை எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகின்றது என்பதை விட்டுவிட்டு, யார் எப்படிக் களரிக்குள் வருகின்றார் என்பதைப் பார்த்து எழுதட்டும். இயலுமானால் இத்தொடரின் மிகுதி அங்கங்களைப் பற்றி எழுதும் பொறுப்பை, காத்தான்குடியிலிருந்து ஒரு மாணவியிடமும் கல்லடியிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ ஒரு மாணவியிடமும் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது அங்கம் நாளைமறுநாள் புதன்கிழமை வெளியாகின்றது. கோயிலில் அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்திப் பாட்டுக் கேட்டு விழித்த கண்ணோடு நானும் பார்ப்பதாகப் பேத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கின்றேன். கைத்தொலைபேசிக்கு அன்று பகலிலேயே மின்னேற்றி வைத்துவிட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.
13.06.2022